குதிரை மிரளவில்லை, ஆகவே பாம்பில்லை

கால்நடை மருத்துவர்களாகப் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நோயாளிகள் பொய் சொல்ல மாட்டார்கள். அந்தக் குறையைத் தீர்த்துவைக்க அவர்களுடன் உரிமையாளர்கள் வருவார்கள். அரசாங்கம் நமக்குக் கொடுக்கும் சம்பளத்தில் பாதி வைத்தியம் பார்ப்பதற்கு. மீதிப் பாதி, உரிமையாளர் சொல்வதைச் சிரிக்காமல் கேட்டுக்கொள்வதற்கு. முதல் பாதிக்கு உங்களுக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். இரண்டாவதை நீங்களாகத்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

நான் தென்காசி வட்டாரத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். சேர்ந்த புதிதில் என்னைப் பார்த்து, "டாக்டர் வரலியாம்மா?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். என் பணி நிறைவு விழாவுக்கு மாலையோடு வந்த ஒருவரும் மேடை ஓரத்தில் என்னிடம் அதையேதான் கேட்டார். ஆகவே பொறுமையைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஆடு, மாடு, கோழி எல்லாம் உங்களுக்குத் தானாகவே கைவந்துவிடும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் உங்களைப் போட்டால் அவ்வப்போது குதிரையும் வரும். அந்தக் காலத்துக் குதிரை வண்டிகள் போய்விட்டன. ஆனால் சீசன் தொடங்கிச் சாரல் விழுந்துவிட்டால், அருவியில் குளித்து, பரோட்டா சாப்பிட்டு, ரம்புட்டான் வாங்கி முடித்த ஜனங்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. குதிரையின் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். சீசன் இல்லாத மாதங்களில் அதே குதிரை கல்யாண மாப்பிள்ளையைச் சுமக்கும்.

இந்த வட்டாரத்தில் குதிரை எதற்கு மிரண்டாலும் காரணம் ஒன்றுதான். பாம்பு. வடகரையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை போலீஸ்காரர், அப்போதுதான் பயிற்சி முடித்து வந்திருந்தார். மாப்பிள்ளை அழைப்பில் அவருடைய நண்பர் ஒருவர் குதிரையின் காதோரம் நின்றுகொண்டு, காகிதத் துண்டுகள் சிதறுமே, அந்த வெடியைத் திருகினார். குதிரை மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நடவு முடிந்த வயலுக்குள் போயிற்று. மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு சேற்றில் உட்கார்ந்திருந்தார். வெடியைத் திருகிய நண்பர்தான் முதலில் சத்தம் போட்டார்: "ஏலே, பாம்பப் பாத்துட்டுலே!" எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பாம்பு நல்ல வசதி. அது வந்து மறுப்புத் தெரிவிக்கப் போவதில்லை.

என் பணிக்காலத்தில் குடை விரிந்ததற்கு மிரண்ட குதிரையைப் பார்த்திருக்கிறேன். பாலிதீன் பை, தண்ணீர்க் குழாய், நேற்று இல்லாமல் இன்றைக்கு வந்து நிற்கும் சிவப்பு வாளி, தேங்கிய மழைநீரில் தெரியும் தன் முகம், எல்லாவற்றுக்கும் மிரண்ட குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. ஏறக்குறையச் சுற்றிலும் தெரியும். ஆனால் மூக்கு நுனிக்குக் கீழே இருப்பது தெரியாது. அசைவு தெரியும், அது என்ன என்பது தெரியாது. அது இரையாகப் பிறந்த பிராணி. முதலில் ஓடிவிட்டுப் பிறகு யோசிப்பதுதான் அதற்குக் கட்டுப்படியாகும். நம்மில் பலர் யோசிக்காமல் ஓடிவிட்டு, பிறகும் யோசிப்பதில்லை. அந்த அளவுக்குக் குதிரை மோசமில்லை.

அசையாமல் கிடக்கும் பாம்பு குதிரைக்கு ஒரு குச்சி, அல்லது புதிதாக ஒரு வாசனை. பெரும்பாலான குதிரைகள் தாண்டிப் போய்விடும். கொஞ்சம் குறுகுறுப்பான குதிரை என்றால் குனிந்து மோந்து பார்க்கும். ஆகவே பாம்பிடம் கடி வாங்கும் குதிரை பெரும்பாலும் மூக்கில்தான் வாங்கும். பாம்பைக் கண்டு நிஜமாகவே பதறும் குதிரைகளும் உண்டு, அதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே நான் சொன்னதை வைத்துப் புதிதாக ஒரு சட்டம் போட்டுவிடாதீர்கள். அப்படிச் சட்டம் போட்ட ஒருவரின் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அவரை எல்லோரும் மிலிட்டரி அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கீழப்பாவூர்க்காரர். ராணுவத்தில் ஸ்டோர் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தவரைக்கும் அவர் குதிரையைத் தொட்டது கூட இல்லை என்பதை அவர் மனைவி கோமதி எனக்குப் பின்னாளில் சொன்னார். ஆனால் அண்ணாச்சி பேசுவதைக் கேட்டால், குதிரைப் படை ஒன்று அவரை நம்பித்தான் எல்லையில் நின்றிருந்தது போலத் தோன்றும். குற்றால மலையடிவாரத்தில் தோப்பு வாங்கி, விருந்தினர்களுக்கு நாலைந்து அறைகள் கட்டி, அந்தியூர்க் குதிரைச் சந்தையிலிருந்து ஒரு பெண் குதிரையும் வாங்கி வந்தார். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. ஜான்சி என்று பெயர் வைத்தார். விருந்தினர்களின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தோப்பைச் சுற்றி வருவது அதன் வேலை. நல்ல பிராணி. ஊசி போடும்போதும் என் தோளை மோந்து பார்த்துக்கொண்டே நிற்கும். உலகத்தில் எது கிடந்தாலும் அதை மோந்து பார்த்துவிட வேண்டும் அதற்கு.

ஜான்சிக்கு ஒரு பழக்கம் இருந்தது. தோப்பின் தெற்கு மூலையில் பாதை திரும்பும் இடம் வந்தால் நின்றுவிடும். மூக்கைப் புடைத்துச் சீறும், பக்கவாட்டில் துள்ளும். அண்ணாச்சி ஒரே நாளில் ஆராய்ச்சியை முடித்துவிட்டார். அங்கே பாம்புப் புற்று இருக்கிறது. பாம்பு பிடிப்பவரை வரவழைத்தார். அவர் சுற்றிப் பார்த்து, கூலியை வாங்கிக்கொண்டு, "இருந்துட்டுப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி பூண்டு அரைத்துத் தெளித்தார். பிறகு மனம் மாறி, பகை வேண்டாமென்று, முட்டையும் பாலும் வைக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கத்துப் பூனைகள் எல்லாம் நன்றாகத் தேறின.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குதிரை பாம்பைக் கண்டுபிடிக்கும் என்று விருந்தினர்களிடம் சொல்லத் தொடங்கினார். "பாம்பு இருக்க எடத்த ஜான்சி காட்டிக்குடுத்துரும் சார். அது சும்மா நிக்க எடத்துல நீங்க பாய விரிச்சுப் படுக்கலாம்" என்பார். சென்னையிலிருந்து வந்தவர்கள் அந்த வளைவில் ஜான்சி துள்ளுவதை ரீல்ஸ் எடுத்துப் போட்டார்கள். பாம்பு மட்டும் எந்த ரீல்ஸிலும் தென்படவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

குடற்புழு மருந்து கொடுக்கப் போன அன்றைக்கு நான் அந்த வளைவைப் போய்ப் பார்த்தேன். பாதை ஓரத்தில் பெரிய ஃபிளெக்ஸ் ஒன்று நின்றது. சீருடையில் அண்ணாச்சி கைகூப்பி, "வருக வருக" என்று வரவேற்றுக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் கட்டு அவிழ்ந்து, மலைக்காற்றில் அவருடைய முகம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் அந்த மூலையை இழுத்துக் கட்டிவிட்டு ஜான்சியை நடத்தச் சொன்னேன். கோயிலைச் சுற்றி வருகிறமாதிரி அமைதியாகப் போயிற்று.

"அண்ணாச்சி, இங்கன பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது உங்க படத்தப் பாத்துத்தான் மிரளுது" என்றேன்.

கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். பிறகு சொன்னார்: "நீங்க வந்த சத்தத்துல பாம்பு போயிட்டு டாக்டரம்மா."

அன்று இன்னொன்றையும் பார்த்தேன். அது எனக்குச் சிரிப்பை வரவழைக்கவில்லை. பாவூர்சத்திரத்திலிருந்து டெம்போவில் வந்த வைக்கோலை, ஜான்சியைக் கட்டும் கொட்டகையை ஒட்டித் தரையிலேயே படப்பாகக் குவித்துப் போட்டிருந்தார் அண்ணாச்சி. சாரலில் அடிப்பக்கம் ஈரம் கோத்திருந்தது. எலிகள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தன. எலி குடியேறினால் பின்னாலேயே யார் வருவார் என்பது உங்களுக்குத் தெரியும். கட்டையடித்து மேலே ஏற்றிவையுங்கள், சுற்றிலும் புல்லைச் செதுக்குங்கள் என்று சொன்னேன். அந்தப் படப்பிலிருந்துதான் கோமதி தினமும் விடியுமுன், கருக்கலில், வெறுங்கையால் வைக்கோல் உருவிப் போடுவார். முன்பெல்லாம் டார்ச்சும் கம்புமாகப் போய்த் தட்டிவிட்டுத்தான் எடுப்பாராம். அண்ணாச்சி கேலி பேசிப் பேசி அதை நிறுத்திவிட்டார்.

"குதிரை அங்கனதான் கட்டிக் கெடக்கு. அதே பயப்படாம நிக்கி, ஒனக்கென்னட்டி பயம்?" என்று என் முன்னாலேயே சொன்னார். புல்லைச் செதுக்கியே ஆக வேண்டும் என்று மறுபடியும் நான் சொன்னேன். அண்ணாச்சி கேட்டுக்கொண்டார், செய்யவில்லை. குதிரை என்று ஒரு காவல் இருக்கும்போது புல் செதுக்க ஆள் எதற்கு என்பது அவருடைய கணக்கு.

சீசன் உச்சத்தில் ஒரு நாள் காலையில் எனக்கு போன் வந்தது. மறுமுனையில் குரல் தணிந்து ஒலித்தது.

"அம்மா, கோமதி பேசுதேன். அவுகளுக்குத் தெரியாம பேசுதேன். ஜான்சிக்கு மூஞ்சி வீங்கிக்கிட்டே வருது. அவுக குளவின்னு சொல்லுதாவ. எனக்கு என்னமோ சரியாப் படல."

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். என்ன ஆயிற்று என்று கேட்டால் உரிமையாளர் தன்னுடைய தீர்ப்பைச் சொல்வார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால்தான் நடந்தது வரும். நான் அப்படித்தான் கேட்டேன்.

"நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க கோமதி."

"கருக்கல்ல வைக்கோல் எடுத்துப் போட்டேன். அது அதத் திங்காம படப்புக்குள்ள மூக்க விட்டு மோந்துக்கிட்டு நின்னுச்சு. சட்டுனு தலைய ஒரு வெட்டு வெட்டுச்சு. அவ்வளவுதாம்மா. பெறவு சும்மா நின்னுட்டு. துள்ளல, கத்தல. அதனாலதான் அவுக பாம்பு இல்லங்காவ."

ஒரு குளவி கொட்டியிருந்தால் ஜான்சி தோப்பையே இரண்டாக்கியிருக்கும். குளவி ரீங்காரம் போடும், தலையைச் சுற்றும், விடாமல் துரத்தும். ஒரே ஒரு வெட்டு, பிறகு அமைதி என்றால் வேறு ஏதோ. என் உதவியாளரின் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். அருவிக்குப் போகும் கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு காரின் ஜன்னலிலும் ஒரு குழந்தை கையை நீட்டிச் சாரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்குக் குழந்தைகளைப் பிடிக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஜான்சியின் முகத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பியிருந்தார்கள். அண்ணாச்சியின் கைவேலை. அதற்கு அடியில் மூக்கும் உதடும் முறம் போல வீங்கியிருந்தன. மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டது. இடது நாசித் துவாரம் ஒரு கீற்றாகிவிட்டது. வலதும் மூடிக்கொண்டு வந்தது.

"நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா" என்று அண்ணாச்சி என்னை வழக்குத் தீர்க்க அழைத்தார். "பாம்புன்னா குதிரை என்ன செய்யும்? அந்த வளைவுல என்ன துள்ளு துள்ளும், பாத்திருக்கியள்லா? இன்னைக்கு மூச்சுக் காட்டல. பெறவு எப்படிப் பாம்பா இருக்கும்? ஒரு ஊசியப் போட்டு விடுங்க, சவாரிக்கு மதுரைப் பார்ட்டி வந்துக்கிட்டு இருக்கு."

வாதத்தில் ஓட்டையே இல்லை. இப்படிக் கோவையாகப் பேசுகிறவர்களிடம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். நான் சுண்ணாம்பைக் கழுவினேன். மேலுதட்டில், நாசிக்குச் சற்று மேலே, இரண்டு புள்ளிகள். அவற்றிலிருந்து ரத்தம் நூல் போல வந்துகொண்டே இருந்தது, நிற்கவில்லை. கழுத்தில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கோமதியிடம் கொடுத்து ஜன்னல் ஓரம் அசையாமல் வைக்கச் சொன்னேன். உறைகிறதா என்று பார்க்க வேண்டும். உதவியாளரை விஷமுறிவு மருந்து வாங்கத் தென்காசிக்கு விரட்டினேன்.

பாம்பாக இருக்கலாம் என்ற சந்தேகம் அண்ணாச்சிக்கு வந்ததும், அவர் ஒரே நொடியில் எதிர்ப்பக்கம் தாவிவிட்டார். "அப்ப இங்கன வச்சுக்கிட்டு என்ன செய்ய? திருநெல்வேலிக்கு ஏத்திருவோம்!" டெம்போவுக்குப் போன் போட்டார். அது எங்கோ பக்கத்தில்தான் நின்றிருக்கிறது, உடனே வந்துவிட்டது. நான் திருநெல்வேலியில் பெரிய கால்நடை மருத்துவமனையிலிருந்த உங்கள் வயதுள்ள ஒரு டாக்டரைக் கூப்பிட்டேன். "உடனே கொண்டு வந்துருங்க மேடம், இங்க எல்லா வசதியும் இருக்கு" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. புத்தகம் எழுதியவர் ஜான்சியின் விசில் சத்தத்தைக் கேட்கவில்லை.

இங்கேதான் நான் நிதானித்தேன். நம்மைப் போல வாயால் மூச்சு விடக் குதிரையால் முடியாது. மூக்கு அடைத்தால் முடிந்தது. விஷம் ஜான்சியைக் கொல்ல நேரம் எடுத்துக்கொள்ளும். வீக்கம் அவ்வளவு அவகாசம் தராது. டெம்போவில் ஏற்றினால் பாதி வழியில் ஆலங்குளம் போவதற்குள் அது செத்துப்போகும். திருநெல்வேலியில் எல்லா வசதியோடும் பிரேதப் பரிசோதனை செய்யலாம். எது முக்கியம் என்று கேட்காதீர்கள், எல்லாம் முக்கியம்தான். எது முதலில் கொல்லும் என்று கேளுங்கள். அதை முதலில் தடுங்கள்.

"டெம்போவ ஓரமா நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். "தோட்டத்துக்குத் தண்ணி விடுற பச்ச டியூப் எங்க?"

"அதுக்கும் ஜான்சி மிரளுமே டாக்டரம்மா!" என்றார் அண்ணாச்சி.

"இன்னைக்கு மிரண்டா சந்தோஷப்படுவேன்."

கோமதி எதற்கென்று கேட்கவில்லை, ஓடிப்போய் டியூப்பைக் கொண்டுவந்தார். சாண் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டினேன். வெட்டிய முனை உள்ளே கிழித்துவிடக் கூடாது. கோமதி அடுப்பைப் பற்றவைத்து, முனைகளைச் சூடு காட்டி மழுங்கவைத்து, கழுவித் துடைத்துக் கொடுத்தார். என் பையிலிருந்த மருந்தெண்ணெயைத் தடவினேன். ஜான்சியின் தலையைக் கோமதி பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி போனைப் பிடித்துக்கொண்டார். ராணுவ நண்பர்களின் வாட்ஸப் குழுவில் யோசனை கேட்டிருந்தாராம். ஒருவர் வாழைப்பட்டைச் சாறு என்றார், இன்னொருவர் வணக்கம் வைக்கும் கையை அனுப்பியிருந்தார்.

வலது பக்கம் டியூப் சிரமமில்லாமல் போய்விட்டது. இடது பக்கம் போகவில்லை. தள்ளினால் ரத்தம் வந்தது. தள்ளாமல் இருந்தால் மூடிவிடும். ஜான்சியின் கால்கள் உதறத் தொடங்கின. அது கீழே சரிந்தால் என்னால் எழுப்ப முடியாது. பயந்தேன். பணி ஓய்வு பெறும் வயதிலும் கை நடுங்கியது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உங்களுக்கும் நடுங்கும். நடுங்கும் கையோடு செய்யத் தெரிந்தால் போதும். டியூப்பைக் கொஞ்சம் திருப்பி, அடிப்பக்கமாகச் சாய்த்து, மெதுவாக விட்டேன். சட்டென்று வழி கிடைத்தது. சூடான மூச்சுக் காற்று டியூப் வழியாக என் உள்ளங்கையில் அடித்தது.

"விசில் நின்னுட்டும்மா!" என்றார் கோமதி. அவர் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கண் மறைத்தது. இரண்டு டியூப்களையும் நழுவாமல் தையல் போட்டேன். ஜன்னலில் இருந்த ரத்தத்தைப் போய்ப் பார்த்தபோது அது உறையாமல் தண்ணீராகவே கிடந்தது. அண்ணாச்சியிடம் சாய்த்துக் காட்டினேன். அவருக்கு முகம் வெளுத்தது.

"பாம்புதானா?" என்றார்.

"விரியன். குதிரை உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டு."

உதவியாளர் மருந்தோடு வந்து சேர்ந்தார். விஷமுறிவு மருந்து எதிலிருந்து எடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். குதிரையின் ரத்தத்திலிருந்து. நாட்டில் ஆயிரம் பேரைக் காப்பாற்றும் அந்த மருந்து அன்று சொந்தக்காரர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. நரம்பில் மெதுவாக ஏற்றினோம். ஜான்சி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, இரண்டு பச்சைக் குழாய்கள் வழியாகச் சீராக மூச்சு விட்டது.

அப்போது கோமதி, பாவம், காலையிலிருந்து அது ஒன்றும் தின்னவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். படப்பை நோக்கி நடந்தார். அண்ணாச்சி அவருக்குத் தைரியம் சொன்னார், பழக்கதோஷம்: "எடு எடு, ஜான்சி சும்மாத்தான நிக்கி."

ஜான்சி சும்மா நின்றது. பக்கத்தில் ரயில் வந்தாலும் அன்றைக்கு அப்படித்தான் நின்றிருக்கும்.

"கோமதி, கைய வைக்காத!" என்று கத்தினேன். என் பணிக்காலத்தில் ஒரு மனுஷியிடம் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. கோமதி நீட்டிய கையோடு உறைந்து நின்றார். காலையில் கடித்தது எங்கே போயிருக்கும் என்று எங்களில் ஒருவரும் அதுவரை யோசிக்கவில்லை. மழை ஈரத்தில் எலியும் கதகதப்பும் இருக்கும் இடத்தை விட்டு அது ஏன் போகிறது? உதவியாளர் நீளமான கம்பு ஒன்றை எடுத்துவந்து, எட்ட நின்று, கோமதி உருவ இருந்த இடத்தில் வைக்கோலைத் தள்ளினார்.

குக்கர் ஆவி விடுவது போல ஒரு சீறல் வந்தது. கண்ணாடி விரியன், நல்ல தடிமன், சுருண்டு கிடந்தது. கோமதி கை வைக்க இருந்த இடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு பிடி வைக்கோல்தான் இருந்தது.

ஜான்சி ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது. உதவியாளர் கம்பை விடாமல் பின்வாங்கினார். கோமதியை நான் இழுத்துக்கொண்டேன். அண்ணாச்சியைக் காணவில்லை. தேடினால், தண்ணீர்த் தொட்டியின் சுவர் மேல் ஏறி, தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். செருப்பு ஒன்று தொட்டிக்குள் மிதந்தது. இத்தனை வருஷத்தில் பாம்பைக் கண்டு ஒரு மனிதர் முறைப்படி மிரண்டதை நான் பார்த்தது அன்றுதான். மூக்கைப் புடைத்து, பக்கவாட்டில் துள்ளி, முதலில் ஓடிவிட்டு, எதிலும் குறையில்லை.

தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆட்கள் வந்து விரியனைப் பிடித்துக்கொண்டு போய் மலைக்குள் விட்டார்கள். மதுரைப் பார்ட்டி அதற்கு முன்பே வந்து, பாம்பைப் படம் எடுத்துக்கொண்டு, முழு திருப்தியோடு திரும்பிப் போனது. ஜான்சி பிழைக்குமா என்பது அன்றைக்கும் தெரியவில்லை, அடுத்த நாளும் தெரியவில்லை. நான் காலையும் மாலையும் போய்வந்தேன். கோமதி கொட்டகையிலேயே கட்டில் போட்டுப் படுத்தார். கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். வீக்கம் வடிந்தது, ரத்தம் உறையத் தொடங்கியது. டியூப்களை எடுத்த அன்று ஜான்சி என் தோளை மோந்து, என் பையை மோந்து, கழற்றி வைத்த டியூப்பையும் மோந்து பார்த்தது. திருந்தவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அண்ணாச்சி திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்கள். உங்களுக்கு இன்னும் சர்வீஸ் போதாது. விருந்தினர்களிடம் அவர் இப்போது வேறு கதை சொல்லத் தொடங்கியிருந்தார். எஜமானியம்மாவைக் காப்பாற்றுவதற்காக ஜான்சி மிரளாமல் நின்று பாம்பைத் தன் மூக்கில் வாங்கிக்கொண்டதாம். குதிரைப் படையில் இதைப் போல நிறைய உண்டாம். நான் மறுக்கவில்லை. குதிரைக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது, கிடைத்துவிட்டுப் போகட்டும்.

டியூப்களை எடுத்த அன்று நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சாயங்காலத் தீனி நேரம். ஜான்சி காலை உதைத்துக்கொண்டு நின்றது. படப்பு அதே இடத்தில், அதே தரையில்தான் கிடந்தது. அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தபடி மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"இனிமே ஒரு பயமும் இல்ல. அதத்தான் புடிச்சுட்டுப் போயிட்டாவல்லா? ஜான்சியும் அமைதியா நிக்கி. போய் வைக்கோல எடுத்துப் போடு, போ."

கோமதி இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை அவிழ்த்து உதறி, கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஜான்சியின் பக்கத்தில் போய், அதன் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு நீங்க போய் எடுங்க" என்றார். "நாங்க ரெண்டு பேரும் மிரளாம நிக்கோம்."

அண்ணாச்சி படப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஜான்சிக்கு அன்றைக்குத் தீனி வர வெகு நேரம் ஆயிற்று.